ஸ்டென்ட் வைத்தபின் மூச்சு முட்டுகிறதா? மாத்திரையை நிறுத்தாதீர்கள்

அப்பாவுக்கு 76 வயது, மாரடைப்புக்கு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து மூன்று வாரம், சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சு முட்டுகிறது, ரத்தம் உறையாமல் தடுக்கும் டிகாக்ரிலார் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தக் கட்டத்தில் அது நின்றால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து குழாய் அடைபடலாம்.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த மாத்திரையே சிலருக்கு மூச்சுமுட்டல் தரும். விட்டுவிட்டு வரும், நெஞ்சுவலியோ கால்வீக்கமோ இருக்காது. டாக்டரிடம் சொன்னால், தேவைப்பட்டால் இடைவெளி விழாமல் அதே வேலை செய்யும் க்ளோபிடோக்ரல் மாத்திரைக்கு மாற்றுவார். நாமாக மாற்றக்கூடாது.

படுத்ததும் திணறல் கூடி, இரண்டு மூன்று தலையணை கேட்கிறார் என்றால் கதை வேறு. நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். வயதானவர்கள் திரும்ப அட்மிட் ஆவதற்கு இது பெரிய காரணம். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்கியிருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். உப்பு நீரைத் தேக்கும், அதனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் வேண்டாம். அதுவும் உடம்பில் நீரைத் தேக்கும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரும்.

நெஞ்சு இறுக்கம், வியர்வை என்றால் உடனே 108.

அடுத்த மாதம் இன்னொரு ரத்தக்குழாய்க்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் முன்பே திட்டமிட்டதுதான். முதலாவது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.