தாவர வேதியியலில் ஆராய்ச்சி: கவலைப்படும் ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் தாவரங்களிலுள்ள வேதிப்பொருள்களை ஆராயப் போவதாகச் சொல்வதையும், அதை எண்ணி உங்களுக்குத் தூக்கம் கெடுவதையும் எழுதியிருந்தீர்கள். ‘மூலிகை ஆராய்ச்சி சோறு போடுமா?’ என்று நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி.

இத்துறையில் வேலை கிடைப்பது மூலிகைகளின் பெயரும் குணமும் தெரிந்திருப்பதற்காக அன்று. பல பொருள்கள் கலந்த சாற்றிலிருந்து ஒன்றைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, அதன் மூலக்கூறு அமைப்பை ஐயமற நிறுவும் திறமைக்கே கிடைக்கிறது. நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிரிஸ்டின் அதன் இலையிலிருந்து வருவது. ஆனால் ஏறத்தாழ ஒரே மாதிரியான பல ஆல்கலாய்டுகளுக்கு (நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருள்களுக்கு) நடுவே அது மிக நுண்ணிய அளவில்தான் இருக்கிறது. இலையை உலர்த்திப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்த சாற்றைச் சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் வழியவிட்டு, பகுதி பகுதியாகச் சேகரித்து, கடைசியில் கையில் தங்கும் சில மில்லிகிராம் பொருளை, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் வைத்துப் படிக்கப் பழகியவருக்கு, மருந்து நிறுவனம், வாசனைப் பொருள் தொழிற்சாலை, உணவுப் பரிசோதனைக் கூடம் என எல்லா இடங்களிலும் வேலை உண்டு. ஆகவே முதுகலையில் ‘மூலிகை’ என்ற பெயருடைய புதிய படிப்புகளைத் தேடாமல், கரிம வேதியியலை அழுத்தமாகக் கற்பிக்கும் எம்.எஸ்சி. வேதியியலிலேயே அவரைச் சேரச் சொல்லுங்கள்.

குளித்தலையில் பிறந்து, தாவர நிறமிகளான ஃபிளேவனாய்டுகளை ஆராய்ந்து, 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான டி. ஆர். சேஷாத்ரி இத்துறையில் நம் முன்னோடி. உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், 1963-இல் மும்பை கோரேகாவ்னில் சீபா மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநராகச் சென்றார்; பின்னாளில் சென்னைக்குத் திரும்பி வேம்பின் வேதிப்பொருள்களை ஆராய்ந்தார். கல்லூரியிலும் தொழிற்சாலையிலும் அவருக்குக் கைகொடுத்தது ஒரே திறமைதான்.

திருமணம், குழந்தை என்றும் தயங்கியிருந்தீர்கள். 1944-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்னும் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற தாவர வேதியியலாளர் ஆஸீமா சாட்டர்ஜி, 1947-இல் மேல் ஆராய்ச்சிக்கு அமெரிக்கா சென்றபோது கைக்குழந்தையையும் உடன் அழைத்துச் சென்றார். 1961-இல், அறிவியலுக்கான பட்நாகர் விருது பெற்ற முதல் பெண்மணியும் அவரே. அது எளிதாக இருந்திருக்காது. குடும்பத்தின் துணை அவசியம், அதில் முதல் பங்கு உங்களுடையது.

காலத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் மேலாய்வு என்றால், நிரந்தரப் பணி அமைவதற்குள் முப்பது வயது கடந்துவிடலாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். உதவித்தொகை எதுவும் இல்லாமல் முனைவர் பட்டத்துக்குச் சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆய்வை வழிநடத்தும் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு மாணவி, என்.எம்.ஆர். கருவி இல்லாத ஒரு துறையில் சேர்ந்துவிட்டு, ஒவ்வொரு மாதிரியையும் வெளியூருக்கு அனுப்பி முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்; ஐந்தில் முடிய வேண்டிய ஆய்வு ஏழு ஆண்டுகள் இழுத்தது. கருவி வளாகத்திலேயே இருக்கிறதா, முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பவற்றை அம்மாணவர்களிடமே கேட்டறியுங்கள். லக்னோவின் சி.டி.ஆர்.ஐ., சிமாப், பாலம்பூரின் ஐ.எச்.பி.டி., ஹைதராபாத்தின் ஐ.ஐ.சி.டி. ஆகியவை இத்துறையில் நெடுங்காலமாகப் பணியாற்றும் அரசு ஆய்வகங்கள்.

இப்போதைக்கு எதையும் முடிவு செய்ய வேண்டாம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதெமிகளும் இணைந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்துக்கு உங்கள் மகள் விண்ணப்பிக்கட்டும். இடம் கிடைத்தால் இரண்டு மாதங்கள் ஓர் ஆய்வகத்தில் இருக்கலாம். கரைப்பான் வாடையோடு நாள் முழுதும் நின்று ஒரு சாற்றைத் தானே பிரித்துப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பின்பும் இதுவே வேண்டும் என்று அவர் சொன்னால், ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்காக அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வரும் ஜாம் நுழைவுத் தேர்வுக்கு அன்றைக்கே படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.