மினோட்டார் நிஜமானு கேக்குற பசங்களுக்கு என்ன சொல்றது?

கேள்வி: எங்க குடியிருப்புல சனிக்கிழமை சாயங்காலம் எட்டுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ஒரு ஒம்போது பசங்கள உக்கார வச்சு உலக வரலாறு சொல்றேன். எகிப்து நல்லா போச்சு, மம்மினாலே வாயப் பொளந்துக்கிட்டு கேட்டாங்க. இப்ப மினோவன், மைசீனியன்னு வந்ததும் வண்டி நின்னுடுச்சு. எனக்கே ரெண்டும் ஒண்ணா வேறயானு குழப்பம். எகிப்து மாதிரி எடுத்துச் சொல்ல ராஜா பேரும் இல்லையேனு வருத்தம். ஒருத்தன் மினோட்டார், அதான் கிரேக்கக் கதையில வர்ற மாட்டுத்தலை மனுஷன், நிஜமானு கேக்குறான், என் எட்டு வயசு பொண்ணு அந்தக் கதையக் கேட்டுட்டு ராத்திரி தூங்க மாட்டேங்குறா. எப்படிங்க சொல்லித்தர்றது?
- ஒரு வாசகி

பதில்: மொதல்ல உங்க குழப்பம். மினோவன்னா க்ரீட் தீவுக்காரங்க, கிமு 1900 வாக்குலேர்ந்து க்னோசோஸ், ஃபைஸ்டோஸ், மாலியானு பெரிய பெரிய அரண்மனையா கட்டினவங்க. மைசீனியன்னா கிரீஸ் நிலப்பகுதியில மைசீனே, பைலோஸ் பக்கம் கிமு 1600க்கு அப்புறம் தலையெடுத்தவங்க, பேசினது கிரேக்கம். தீவுக்காரங்ககிட்ட நெறைய கத்துக்கிட்டு, கிமு 1450 வாக்குல அங்க மத்த அரண்மனைங்க எல்லாம் அழிஞ்சதுக்கப்புறம் க்னோசோஸ்லயே உக்காந்து கணக்கு எழுதினதும் இவங்கதான். அவ்ளோதான் வித்தியாசம், இதுக்கு மேல வருஷம் எல்லாம் பசங்க தலையில ஏத்தாதீங்க.

இன்னொண்ணு, மினோவன்ங்கிற பேரே அவங்க வச்சுக்கிட்டது இல்ல. 1900ல க்னோசோஸ தோண்ட ஆரம்பிச்ச ஆர்தர் ஈவான்ஸ், கதையில வர்ற மினோஸ் ராஜா பேர வச்சு ஊரெல்லாம் பரப்பினதுதான் அது.

நீங்க ராஜா பேரு இல்லையேனு வருத்தப்படுறீங்க, நான் என்ன சொல்வேன்னா அத விட்டுட்டு எழுத்துலேர்ந்து ஆரம்பிங்க, ஏன்னா தமிழ் எழுதத் தெரிஞ்ச பசங்களுக்கு இது கை வந்த விஷயம். மைசீனியன் எழுத்துக்கு லீனியர் பினு பேரு. அதுல க, கி, கோ மாதிரி மெய்யும் உயிரும் சேர்ந்ததுக்கு ஒரு குறி, நம்ம உயிர்மெய் போல, ஆனா புள்ளி கிடையாது, குறில் நெடில் வித்தியாசமும் கிடையாது. அதனால க்னோசோஸ்னு எழுதணும்னா கோ-நோ-சோனு எழுதிட்டுப் போயிட்டாங்க, கடைசி ஸ் காத்துல போச்சு, நடுவுல வர்ற ல், ர் கூட அப்படித்தான் விழுந்துடும். நம்ம 'க'வ 'கண்'ணுலயும் படிக்கிறோம் 'தங்கம்'லயும் படிக்கிறோம்ல, சத்தம் வேற வேற, அவங்களும் அப்படித்தான், ஒரே குறி ரெண்டு சத்தம். ர, லவுக்கும் தனித்தனி குறி இல்ல. இப்ப பசங்க பேர இந்த ரூல்ல எழுதச் சொல்லுங்க. கமலா க-ம-ர ஆயிடுவா, செல்வி செ-வி, கார்த்திக் வெறும் க-தி. சிரிச்சு உருளுவாங்க, அந்தச் சிரிப்போட இத படிக்க ஏன் அவ்ளோ கஷ்டப்பட்டாங்கனும் புரிஞ்சிடும்.

படிச்சது யாருங்கிற கதையையும் விடாதீங்க. ஆலிஸ் கோபர்னு ஒரு அமெரிக்க அம்மா, காகிதப் பஞ்ச காலத்துல கிடைச்ச பேப்பர எல்லாம் சின்னச் சின்ன கார்டா வெட்டி, ஒவ்வொரு குறியும் எங்க எங்க வருதுனு குறிச்சு, சிகரெட் அட்டைப் பெட்டியில அடுக்கி வச்சாங்க, லட்சத்துக்கு மேல கார்டு. 1950ல அவங்க போயிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 14 வயசுல ஈவான்ஸ் பேச்சக் கேட்டதுலேர்ந்து இந்தப் புதிர விடாம பிடிச்சுக்கிட்டிருந்த மைக்கேல் வென்ட்ரிஸ், தொழில் என்னவோ கட்டட வரைபடம் போடுறது, அது கிரேக்கம்தான்னு கண்டுபிடிச்சாரு. மினோவன்களோட லீனியர் ஏ இன்னிக்கும் யாருக்கும் புரியல. நம்ம சிந்துவெளி எழுத்து மாதிரிதான். 'அப்ப நான் கண்டுபிடிக்கலாமா'னு ஒருத்தன் கேப்பான், கேக்கட்டும்.

அடுத்த வாரம் களிமண். ஆளுக்கு ஒரு பலகை தட்டி குச்சியால எழுதட்டும், ரெண்டு மூணு நாள் நல்லா காயட்டும், அப்புறம் ஒரு வாளித் தண்ணியில போடுங்க, கரைஞ்சு போயிடும். பக்கத்துலயே கார்த்திகைக்கு ஏத்தின பழைய அகல் ஒண்ணையும் போடுங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது. சுட்ட மண்ணு. மைசீனியன்க கணக்குப் பலகையச் சுடவே இல்லங்க, அந்த வருஷக் கணக்கு முடிஞ்சா தூக்கிப் போடுற சமாச்சாரம்தான். கிமு 1200 வாக்குல பைலோஸ் அரண்மனை பத்தி எரிஞ்சப்ப அந்தத் தீயே பலகையச் சுட்டுக் குடுத்துடுச்சு. அதுல இருக்குறது வீரமும் இல்ல காவியமும் இல்ல, ஆடு எத்தன, எண்ணெய் எவ்ளோ, யாருக்கு எவ்ளோ படி. எனக்கு அதுதான் பிடிக்கும், சரி அது வேற.

படத்துக்கு நீலக் குரங்கு கதை. க்னோசோஸ்ல பூ பறிக்கிற ஒரு சுவர் ஓவியம் துண்டு துண்டா கிடைச்சுது, தலை இல்ல, ஈவான்ஸ் ஆளுங்க அது பையன்னு நெனச்சு பையன் தலையே வரைஞ்சு சேத்துட்டாங்க. பின்னாடி பாத்தா அது குரங்கு! நீங்களும் ஒரு குரங்கு வரைஞ்சு வெட்டி, தலைய ஒளிச்சு வச்சுட்டு மிச்சத்தக் குடுத்துப் பாருங்க. சாண்டோரினி தீவுல அக்ரோதிரி ஓவியத்துல இருக்குற குரங்குங்க வால் தூக்கி நிக்கிறத வச்சு, அது நம்ம நாட்டு அனுமன் மந்திதான்னு 2019ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு, அதையும் சொல்லுங்க.

நெட்ல ரெண்டு புளுகு சுத்துது, அத மட்டும் சொல்லித்தராதீங்க. மினோவன்கள் சண்டையே தெரியாத சாதுக்கள்ங்கிறது ஒண்ணு, மாலியாவுல வாள் கிடைச்சிருக்கு. சாண்டோரினி எரிமலை வெடிச்சு ஒரே நாள்ல அழிஞ்சாங்கங்கிறது இன்னொண்ணு, வெடிப்புக்கும் அரண்மனைங்க அழிஞ்சதுக்கும் நடுவுல ஒரு தலைமுறைக்கு மேலயே இருக்கு.

மினோட்டாருக்கு வர்றேன். மாட்டுத்தலை மனுஷன் கிடையாது, அது கதைனு பட்டுனு சொல்லிடுங்க. ஆனா மாட்டு முதுகு மேல குட்டிக்கரணம் போடுற ஓவியம் க்னோசோஸ்ல நிஜமாவே இருக்கு, ஆயிரத்துக்கு மேல அறை இருந்ததா சொல்ற அரண்மனையும் இருக்கு, இதுலேர்ந்து கதை வந்திருக்கலாம்னு ஒரு யூகம்.

உங்க பொண்ணுக்கு மட்டும் தனியா ஒண்ணு சொல்லுங்க. க்னோசோஸ்ல கிடைச்ச ஒரு சின்னப் பலகையில ரெண்டே வரி. எல்லா சாமிக்கும் சேத்து ஒரு ஜாடி தேன், லாபிரிந்த் அம்மனுக்கு ஒரு ஜாடி தேன். லாபிரிந்த்னா கதையில மினோட்டார அடைச்சு வச்ச சுத்துவழி. அப்படித்தான் பெரும்பாலும் படிக்கிறாங்க. எல்லா சாமிக்கும் எவ்ளோவோ அவ்ளோ அந்த ஒரு அம்மாவுக்கு! தேனுக்கு கிரேக்கத்துல மெலி, பலகையில மெ-ரினு இருக்கு. ஏன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கும்.