பெண் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் வேறு விஷயங்களைப் பேசுகிறார்களா?

ஓரளவு ஆம். குழந்தை நலம், மகப்பேறு, குடும்ப வன்முறை போன்றவற்றைப் பெண் உறுப்பினர்கள்தான் அதிகம் எழுப்புகிறார்கள். பிரிட்டனில் எலினார் ராத்போன் என்ற பெண் உறுப்பினர், குழந்தைகளை வளர்க்க அரசு குடும்பங்களுக்குத் தரும் உதவித்தொகைக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 1945-இல் மசோதா வந்தபோது பணம் தகப்பன் கைக்குப் போவதாக இருந்தது. அப்படியென்றால் எதிர்த்தே வாக்களிப்பேன் என்று அவர் மல்லுக்கு நிற்க, கடைசியில் தாய்க்கே என்று திருத்தினார்கள்.

ஆனால் இதை வெறும் ‘பெண் இயல்பு’ என்று சொல்லிவிட முடியாது. பல நாடாளுமன்றங்களில் யார் எதைப் பற்றிப் பேசுவது என்பதைக் கட்சித் தலைமைதான் முடிவு செய்கிறது. நிதி, பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் ஆண்களுக்கு நேரம். பெண்களுக்குச் சமூக நலம். வாய்ப்பே தராமல் ‘அவர்களுக்கு அதில் ஆர்வமில்லை’ என்பது அநியாயம். அப்புறம், கட்சிக் கட்டுப்பாடு இறுகிய இடத்தில் ஆணோ பெண்ணோ, தலைமை சொன்னதைத்தான் பேச முடியும்.