பதினெட்டு வயதில் ஓர் ஆட்டக்காரரை எடை போடுவது: ஐஸ் ஹாக்கி டிராஃப்ட் குறித்த கேள்வி-பதில்

ஜூன் மாதம் நெருங்கும்போது எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, "எங்கள் அணி யாரை எடுக்க வேண்டும்?" என்ற ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நேஷனல் ஹாக்கி லீக்கின், அதாவது என்.எச்.எல்.லின், டிராஃப்டில் (அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில்) ஒரு பெயரை இன்னொரு பெயருக்கு மேலே வைப்பதற்கு என்னென்ன காரணங்கள் தகும், என்னென்ன தகாது என்பதைப் பேசினால்தான் அடுத்த ஆண்டும் அது உதவும் என்பதால், அந்த வகைக் கேள்விகளையே இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அணியில் நல்ல தற்காப்பு ஆட்டக்காரர்கள் இல்லை. ஆனால் எங்கள் முறை வரும்போது மிஞ்சியிருக்கும் திறமையானவர் ஒரு விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர். தேவையைப் பார்ப்பதா, திறமையைப் பார்ப்பதா? (மார்க்கம் வாசகர்)

திறமையைப் பாருங்கள். முதல் சில இடங்களில் எடுக்கப்படுபவர்களைத் தவிர மற்றவர்கள் என்.எச்.எல். அணியில் நிலைபெற மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாகவே ஆகிறது. இன்றைக்கு உங்கள் அணியில் இருக்கும் ஓட்டை அதற்குள் அடைபட்டிருக்கும், அல்லது வேறொரு இடத்தில் புதிதாக விழுந்திருக்கும். விங்கர்கள் மிகுந்துவிட்டால் ஒருவரைக் கொடுத்துத் தற்காப்பு ஆட்டக்காரரை வாங்க முடியும்; கைவிட்ட திறமையைத் திரும்ப வாங்குவதோ அரிது.

2023-ஆம் ஆண்டு ஐந்தாம் இடத்தில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணி ஆஸ்திரியாவைச் சேர்ந்த தற்காப்பு ஆட்டக்காரர் டேவிட் ரைன்பாக்கரை எடுத்தபோது, ரஷ்யாவின் மாத்வேய் மிச்கோவ் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தார். அவரை ஏழாம் இடத்தில் பிலடெல்பியா எடுத்துக்கொண்டது. ரஷ்யாவில் மிச்கோவுக்கு 2026 வரை ஒப்பந்தம் இருந்ததால் பல அணிகள் தயங்கியதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2024-லேயே வந்து சேர்ந்து, முதல் பருவத்தில் 26 கோல்களுடன் 63 புள்ளிகள் எடுத்தார். ரைன்பாக்கருக்கோ அந்தப் பருவம் தொடங்கும் முன்பே முழங்காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. காயத்தை யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பதால் இதை வைத்து மாண்ட்ரியலைக் குற்றம் சாட்ட மாட்டேன். ஆனாலும் இருவரின் திறமைக்கும் இடையே அன்றைக்குத் தெரிந்த இடைவெளி, தேவையைக் காட்டி மறைக்கக்கூடிய அளவுக்குச் சிறியதன்று என்றே அப்போதும் எழுதினேன், இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தால் மட்டும் ஆடும் இடத்தைக் கணக்கில் கொள்ளலாம். அப்போதும் இந்த ஆண்டின் பற்றாக்குறையைப் பார்க்க வேண்டாம். தாக்குதலில் நடுவே ஆடும் சென்டர்களும் முதல் ஜோடித் தற்காப்பு ஆட்டக்காரர்களும் டிராஃப்டுக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை என்ற நிரந்தரக் காரணத்துக்காக அவர்களை விங்கருக்கு மேலே வையுங்கள்.

நிபுணர்களின் ஒருமித்த கணிப்பை விட்டு விலகும்போது அணிக்கு வலுவான காரணம் இருக்க வேண்டும் என்பதற்கு 2015-ஐ நினைத்துக்கொள்ளலாம். பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு 13, 14, 15 ஆகிய மூன்று இடங்களும் தொடர்ச்சியாக வாய்த்தன. யாகுப் ஸ்போரில், ஜேக் டெபிரஸ்க், ஜாக்கரி செனிஷின் ஆகியோரை எடுத்தார்கள். அடுத்த மூன்று இடங்களில் போனவர்கள், பின்னாளில் நட்சத்திரங்களான மாத்யூ பார்சல், கைல் கானர், தாமஸ் ஷாபோ. டெபிரஸ்க் நல்ல ஆட்டக்காரராகவே வளர்ந்தார். ஆனால் பொது வரிசைகளில் வெகுதூரம் பின்னால் வைக்கப்பட்டிருந்த செனிஷின், என்.எச்.எல்.லில் இருபது ஆட்டங்களைக்கூட எட்டவில்லை.

ஐ.பி.எல். போல ஏலம் விடாமல், ஒருவர் எந்த அணிக்கு ஆடுவது என்பதை ஏன் வரிசை முடிவு செய்கிறது? (சென்னை வாசகர்)

ஏலத்தில் அணி ஆட்டக்காரரின் விலையைக் கொடுக்கிறது. டிராஃப்டிலோ அவரோடு ஒப்பந்தம் பேசும் தனி உரிமையை மட்டுமே பெறுகிறது. 1963-க்கு முன்பு என்.எச்.எல். அணிகள் சிறுவர் அணிகளுக்குப் புரவலராக இருந்து, பதின்ம வயதுப் பையன்களிடம் கையெழுத்து வாங்கிக் கட்டிப்போட்டுவிடும். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற பாபி ஆர் (Bobby Orr) பாஸ்டனுக்குக் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 14. இந்த முறையைப் படிப்படியாக ஒழித்து, வலுவற்ற அணிகளுக்கும் வாய்ப்பளிக்கத்தான் டிராஃப்ட் கொண்டுவரப்பட்டது. மாண்ட்ரியலில் நடந்த முதல் டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்கள் 21 பேர்தான். இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள், 224 இடங்கள் இருக்கின்றன.

எடுக்கப்பட்டவர் மறுக்கவும் முடியும். 1991-இல் கியூபெக் நோர்டிக்ஸ் முதலிடத்தில் எடுத்த எரிக் லின்ட்ராஸ் அந்த அணிக்கு ஆடவே மறுத்து, அடுத்த ஆண்டு பிலடெல்பியாவுக்குப் போனார். பதிலுக்குக் கியூபெக் பெற்றவர்களில் ஒருவர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். அந்த அணி கொலராடோவுக்கு இடம்பெயர்ந்து 1996-இல் என்.எச்.எல். வாகையருக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவர் அதன் தூண்களில் ஒருவராக இருந்தார்.

கடைசி இடத்தில் முடித்தால் முதல் தேர்வு நமக்குத்தானே? அப்படியானால் பருவத்தின் இறுதியில் தோற்பதே நல்லது என்று ரசிகர்கள் விரும்புவதில் என்ன தவறு?

முதல் தேர்வு உறுதியாகக் கிடைக்காது என்பதே முதற்குறை. முதல் தேர்வு யாருக்கு என்பதை முடிவு செய்ய 1995 முதல் குலுக்கல் நடக்கிறது. இப்போதைய விதிப்படி ஓர் அணி குலுக்கலில் வென்றால் பத்து இடங்கள் வரை மட்டுமே முன்னேறலாம். கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25.5 விழுக்காடுதான். 2025-இல் கடைசியில் முடித்த சான் ஹோசே இரண்டாவதாகத் தேர்வு செய்ய, 3.5 விழுக்காட்டு வாய்ப்பு மட்டுமே இருந்த நியூயார்க் ஐலண்டர்ஸ் பத்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவி, மாத்யூ ஷேஃபரை எடுத்தது.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் முக்கியமானது. 2015 மார்ச்சில், அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் பெயராகக் கருதப்பட்ட கானர் மெக்டேவிட் கிடைப்பார் என்ற நம்பிக்கையில், பஃபலோ ரசிகர்கள் தங்கள் சொந்த அரங்கிலேயே எதிரணியான அரிசோனா கூடுதல் நேரத்தில் அடித்த வெற்றிக் கோலுக்குக் கைதட்டினார்கள். பஃபலோ கடைசியில்தான் முடித்தது. குலுக்கலில் வென்றதோ எட்மன்டன். பஃபலோவுக்குக் கிடைத்த ஜாக் ஐக்கெல் சிறந்த ஆட்டக்காரர்தான். ஆயினும் அவர் அங்கிருந்த ஆண்டுகளில் அந்த அணி ஒருமுறைகூட பிளே-ஆஃப் சுற்றை எட்டவில்லை. தோல்விக்குப் பழகிப்போன அணிக்குள் பதினெட்டு வயதுப் பையனை அனுப்பிவிட்டு அவனே எல்லாவற்றையும் மாற்றுவான் என்று காத்திருப்பது அவனுக்கு நாம் செய்யும் அநீதி.

ஒருவர் ஜூனியர் லீக்கில் 94 புள்ளிகள் எடுத்திருக்கிறார், இன்னொருவர் ஐரோப்பாவில் பத்துதான். இரண்டாமவரை முதலில் எடுப்பது எப்படிச் சரியாகும்? (மாண்ட்ரியல் வாசகர்)

2022-ஐப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. கிங்ஸ்டன் அணிக்காக ஷேன் ரைட் 63 ஆட்டங்களில் 94 புள்ளிகள் எடுத்திருந்தார். ஸ்லோவாக்கியாவின் யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஃபின்லாந்தின் முதல்நிலை லீக்கில் 31 ஆட்டங்களில் பத்து புள்ளிகள் எடுத்திருந்தார். தங்கள் சொந்த அரங்கில் நடந்த அந்த டிராஃப்டில் மாண்ட்ரியல் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை முதலில் எடுத்தது. ரைட் நான்காம் இடத்தில் சியாட்டலுக்குப் போனார்.

கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு உதவியதற்கு ஒரு புள்ளி என்ற கணக்கு எல்லா லீக்குகளிலும் ஒன்றுதான் என்றாலும், அந்தப் புள்ளியை யாருக்கு எதிராக, எத்தனை நிமிடங்கள் ஆடி எடுத்தார் என்பது மாறுகிறது. ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் நட்சத்திரமாக இருப்பவர் தன் வயதையொத்தவர்களுக்கு எதிராக, எதிரணியில் ஓர் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளே நேரம் உட்பட, இருபது நிமிடங்களுக்கு மேல் பனிக்களத்தில் இருக்கக்கூடும். வளர்ந்த ஆண்கள் ஆடும் ஐரோப்பிய லீக்கில் ஒரு பதினேழு வயதுப் பையனுக்குச் சில வேளைகளில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. இதை ஈடுசெய்ய ஒவ்வொரு லீக்கின் புள்ளிக்கும் ஒரு மாற்று மதிப்பு வைத்துக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன. நானும் அவற்றை நாடுகிறேன். ஆனால் பன்னிரண்டு நிமிடங்கள் ஆடியவரையும் இருபது நிமிடங்கள் ஆடியவரையும் அந்தக் கணக்கு வேறுபடுத்திக் காட்டாதபோது அது தவறான விடை தரும். ஸ்லாஃப்கோவ்ஸ்கியைப் பொறுத்தவரை, அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் ஏழு கோல்கள் அடித்துப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வு பெற்றிருந்தார். ஆண்களுக்கு எதிரான அந்த ஆட்டம் லீக் புள்ளிகள் சொல்லாததைச் சொன்னது.

வயதையும் மாதக் கணக்கில் பாருங்கள். செப்டம்பர் 15-க்குள் 18 நிறைபவர்களே அந்த ஆண்டு டிராஃப்டுக்குத் தகுதி பெறுகிறார்கள். ஆஸ்டன் மாத்யூஸ் 1997 செப்டம்பர் 17-இல் பிறந்தவர் என்பதால், இரண்டு நாள் வித்தியாசத்தில் 2015-ஐத் தவறவிட்டு, ஓர் ஆண்டு சூரிக் அணிக்கு ஆடிய பிறகே 2016-இல் முதலிடத்தில் டொராண்டோவுக்கு வந்தார். ஷேஃபரோ 2007 செப்டம்பர் 5-இல் பிறந்தவர். பதினொரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் 2026 வரை காத்திருந்திருக்க வேண்டும். ஒரே டிராஃப்டில் நிற்கும் இருவருக்கிடையே ஏறத்தாழ ஒரு வருட வளர்ச்சி வேறுபாடு இருக்கலாம். இந்த வயதில் ஒரு வருடம் என்பது மிகப் பெரிய காலம். ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களை அணிகள் அவர்களின் உண்மைத் தகுதியைவிடத் தாமதமாக எடுத்துவந்திருக்கின்றன என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

காயத்தால் பாதிப் பருவம் ஆடாதவரை முதல் சுற்றில் எடுக்கலாமா?

காயத்தின் தன்மையைப் பொறுத்தது. ஷேஃபர் 2024 டிசம்பரில் உலக ஜூனியர் போட்டியில் காறையெலும்பு முறிந்து, தன் லீக்கில் 17 ஆட்டங்களே ஆடினார். ஒருமுறை முறிந்து முழுமையாகக் கூடிவிட்ட எலும்பு எனக்குக் கவலை தருவதில்லை. திரும்பத் திரும்ப வரும் முதுகு, முழங்கால் தொல்லைகளையும் தலைக்காயங்களையும் பற்றி அணி மருத்துவரின் சொல்லுக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடும் எந்த ஸ்கவுட்டின் சொல்லையும்விட அதிக மதிப்பு கொடுக்க வேண்டும்.

ஐந்தடி எட்டு அங்குலம் உயரமுள்ள தற்காப்பு ஆட்டக்காரர் என்.எச்.எல்.லில் தாக்குப்பிடிப்பாரா?

லேன் ஹட்சனைப் பற்றி 2022-இல் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவரை 62-ஆம் இடத்தில் எடுத்ததும் மாண்ட்ரியல்தான். 2024-25 பருவத்தில் 60 கோல் உதவிகளுடன் 66 புள்ளிகள் எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வென்றார். ஆனால் அவரைக் காட்டி உயரம் பொருட்டே இல்லை என்று வாதிடாதீர்கள். உயரம் குறைந்தவர் வேறு ஏதாவதொன்றில் தன் வயதினர் எல்லோரையும் மிஞ்சியிருக்க வேண்டும். ஹட்சனிடம் அது, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) வைத்துக்கொண்டே தன்மேல் பாயும் ஆளைத் தோள் அசைவால் திசைதிருப்பிவிடும் ஆற்றலாக இருந்தது. அப்படி ஒன்றை நீங்கள் குறிப்பாகச் சொல்ல முடிந்தால் எடுக்கச் சொல்லுங்கள். "நன்றாக ஸ்கேட் செய்கிறார், துடிப்பாக ஆடுகிறார்" என்பது மட்டும் போதாது.

கோல் காப்பாளரை முதல் சுற்றில் எடுக்கலாமா?

பொதுவாக வேண்டாம் என்பேன். கோல் காப்பாளர்கள் மிகத் தாமதமாக முதிர்பவர்கள். 2000-இல் முதலிடத்தில் போன ரிக் டிபியெட்ரோவின் வாழ்க்கை காயங்களில் கரைந்தது. அதே டிராஃப்டில் 205-ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர், பின்னாளில் பெரும் கோல் காப்பாளரான ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். 2012-இல் 19-ஆம் இடத்தில் தாம்பா பே எடுத்த ஆண்ட்ரேய் வசிலெவ்ஸ்கி போன்றவர்கள் விதிவிலக்குகள். அத்தகைய ஒருவர் முதல் சுற்றின் பின்பாதியில் கிடைத்தால் மறுக்க மாட்டேன்.

ஆறாம், ஏழாம் சுற்றுகளை உட்கார்ந்து பார்ப்பதில் பயன் உண்டா? (ஸ்கார்பரோ வாசகர்)

நான் ஒரு சுற்றையும் விடுவதில்லை. பின்னாளில் நட்சத்திரங்களான இருவரை, பாவெல் தத்ஸ்யூக்கை 1998-இல் 171-ஆம் இடத்திலும், ஹென்ரிக் செட்டர்பெர்கை 1999-இல் 210-ஆம் இடத்திலும் டெட்ராய்ட் அணி எடுத்தது. மற்ற அணிகள் அதிகம் போகாத ஐரோப்பிய அரங்குகளில் ஸ்கவுட்டுகளை உட்கார வைத்ததன் பலன் அது. இன்று எல்லா அணிகளிடமும் எல்லா ஆட்டங்களின் காணொளியும் இருப்பதால் அப்படி மறைந்திருப்பவர்கள் குறைவு. இப்போது கடைசிச் சுற்றுகளில் நான் தேடுவது, ஏற்கெனவே ஒருமுறை டிராஃப்டில் எடுக்கப்படாமல் போய், பத்தொன்பது வயதில் திடீரென்று வளர்ந்தவர்களை.

ஒரு தேர்வு தவறு என்று எத்தனை ஆண்டுகள் கழித்துச் சொல்லலாம்? எங்கள் நண்பர்கள் டிராஃப்ட் இரவிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

ஐந்து ஆண்டுகளாவது கொடுங்கள். ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் முதல் பருவம் 39 ஆட்டங்களில் பத்து புள்ளிகளோடு, காயத்தால் பாதியில் முடிந்தபோது அவரைத் தவறான தேர்வு என்று எழுதியவர்கள் பலர். அடுத்த பருவத்தில் 20 கோல்கள், 50 புள்ளிகள் எடுத்தார். 2024 கோடையில் எட்டு ஆண்டு ஒப்பந்தமும் பெற்றார். ரைட்டும் மெதுவாகத்தான் தொடங்கினார். 2024-25-இல் 44 புள்ளிகள் எடுத்துத் தன் இடத்தை உறுதி செய்துகொண்டார்.

தேர்வை விமர்சியுங்கள், ஆனால் தேர்ந்தெடுத்த நிர்வாகத்தைத்தான் விமர்சிக்க வேண்டும். ரைன்பாக்கர் எடுக்கப்பட்ட இரவில், மிச்கோவ் கிடைக்கவில்லை என்ற கோபத்தை அந்தப் பையன் மீதே வசையாகக் கொட்டினார்கள். தன்னை எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

உங்கள் நண்பர்களுக்கு ஒரு யோசனை. டிராஃப்டுக்கு முந்தைய நாள் ஒவ்வொருவரும் தங்கள் முதல் 32 பேரை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிக் காரணத்தோடு தேதியிட்டு எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தால், எந்த வகை ஆட்டக்காரரைத் தொடர்ந்து தவறாகக் கணிக்கிறீர்கள் என்பது தெரியவரும். 2015-ஆம் ஆண்டுப் பட்டியலில் நான் தற்காப்பு ஆட்டக்காரர் நோவா ஹானிஃபினை, பின்னாளில் நட்சத்திர விங்கரான மிச் மார்னருக்கு மேலே வைத்திருந்தேன். பக்கத்தில் எழுதியிருந்த காரணம், "உடற்கட்டு".