சுமார் 142

கேள்வி: என் மகன் சுமாராகப் படிப்பவன். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 142 வந்திருக்கிறது. எந்தெந்தக் கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் போடலாம்? "பெரிய கல்லூரிகளைப் போட்டு வாய்ப்பை வீணாக்காதே, கிடைக்கக்கூடியதாக நாலைந்து மட்டும் போடு" என்கிறார் என் அண்ணன். அவர் சொல்வது சரிதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருத்தாசலம்

பதில்: "சுமார்" என்ற சொல்லுக்கும் எனக்கும் நெடுங்காலப் பகை. எங்கள் நிருபர்களுக்கு அது இல்லாமல் வாக்கியமே ஓடாது. "சாலை மறியலில் ஈடுபட்ட சுமார் 37 பேர் கைது" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். 37 என்று எண்ணியாகிவிட்டது, அப்புறம் சுமார் எதற்கு என்று கேட்டேன். "எண்ணும்போது ஒருத்தர் டீ குடிக்கப் போயிருந்தார் சார்" என்றார். கைதானவர் எப்படி டீ குடிக்கப் போவார்? "போலீஸ்காரரோடுதான் சார் போனார்." மறியலை விட்டுவிட்டு அந்த டீயைச் செய்தியாக எழுதியிருக்கலாம். நான் சுமாரை அடித்தேன். எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தலைமை உதவி ஆசிரியர் திரும்பவும் போட்டுவிட்டார். இதே அலுவலகத்தில்தான் "சுமார் மூன்று குழந்தைகளுக்குத் தாய்" என்று ஒரு வாக்கியம் அச்சு வரைக்கும் போனது. அந்த மூன்றாவது குழந்தை இன்று கலந்தாய்வுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதையும் வீட்டில் சுமார் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். 142 என்பது சுமார் எண் கிடையாது அம்மா. கணிதத்தில் 68, இயற்பியலில் 74, வேதியியலில் 74 என்றால், கணிதத்தை முழுசாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் கூட்டி 142. இந்தக் கணக்கில் அரை மதிப்பெண்ணுக்கும் கறார்தான், அந்த அரைக்குள் ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்களுக்குள் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு மற்றப் பாடங்கள். அதிலும் சமமாக இருந்தால் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றாக இருந்தால், கணினி குலுக்கிப் போடும் சமவாய்ப்பு எண்.

பிறந்த தேதி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தலைமுறையில் பாதிப்பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள். நிஜத்தில் ஐப்பசியிலோ மாசியிலோ பிறந்திருப்போம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் பையனின் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று ஒரு தேதியைப் போட்டுவிடுவார். விவரமான அப்பாக்கள் அரசாங்க உத்தியோகத்தில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று வயதில் ஒரு வருடத்தைக் குறைத்தும் எழுதச் சொல்வார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குத் தமிழ்நாட்டில் வஞ்சம் தீர்த்த ஓர் இடம் இந்தப் பொறியியல் கலந்தாய்வு. இப்போது பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது, சுவாரசியம் போய்விட்டது.

இன்னொன்று. உங்கள் மகனைச் சுமார் என்று முடிவு கட்டியது யார்? நீங்களாக இருக்க முடியாது. உங்கள் தெருமுனையில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் பேனராகத்தான் இருக்க வேண்டும். 2025 தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் ஏறத்தாழ 2.4 லட்சம் பேர். (ஏறத்தாழ என்று போட்டிருக்கிறேன், கவனிக்கவும்.) 200க்கு 200 வாங்கியவர்கள் 144 பேர். பேனரிலும் நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரத்திலும் சிரிப்பது அந்த 144 பேரும் அவர்களுக்கு அக்கம்பக்கத்தில் வந்தவர்களும். மிச்சப் பிள்ளைகளை யாரும் படம் எடுக்கவில்லை, அதனால் அவர்களெல்லாம் சுமார் ஆகிவிட்டார்கள். இதை எழுதும்போதே விளம்பர மேலாளர் என் அறைக்கு வெளியே இரண்டு முறை நடந்துவிட்டார். நம் பின்னட்டையில் என்ன விளம்பரம் இருக்கிறது என்று எனக்கு நினைவூட்டுகிறாராம். நினைவிருக்கிறது. "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று போட்டிருக்கிறார்கள். அங்கே மட்டும் சுமார் சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

உங்கள் அண்ணன் சொல்வது தவறு. இதைச் சொல்லி உங்கள் வீட்டில் ஒரு சண்டையை மூட்டினாலும் பரவாயில்லை. கலந்தாய்வு நடத்தும் கணினி, தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்கிறது. அவர் முதலாவதாக எழுதிய இடம் காலியா என்று பார்க்கிறது. இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கிக்கொண்டே போகிறது. எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடுகிறது. 142ஐ வைத்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிக் கல்லூரியைக் கேட்கிறாயே என்று அதற்குக் கோபம் வராது, மதிப்பெண்ணையும் குறைக்காது. மேலே எழுதிய பெரிய பெயர்களால் நஷ்டம் ஒரு பைசா கிடையாது. எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அரசாங்கமே விட்டிருக்கும்போது, நாலைந்தோடு நிறுத்தச் சொல்ல உங்கள் அண்ணன் யார்? கலந்தாய்வு தரவரிசைப்படி சுற்றுச் சுற்றாக நடக்கிறது. நாலைந்தும் நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் பையன் வெறுங்கையோடு நிற்பான். உங்கள் மகனின் மதிப்பெண்ணுக்கு முறை வருவதே இரண்டாம் சுற்றின் வாலிலோ மூன்றாம் சுற்றின் தலையிலோதான். அடுத்த சுற்றில் இடங்கள் இன்னும் கரைந்துபோயிருக்கும்.

உண்மையான ஆபத்து வரிசையில் இருக்கிறது. கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரியை மேலேயும், உண்மையில் பிடித்த கல்லூரியைக் கீழேயும் எழுதினால், பிடித்தது காலியாகவே இருந்தாலும் மேலே இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு இன்னும் நல்லதற்குக் காத்திருக்கிறேன் என்று சொல்ல வழி உண்டு. ஆனால் காத்திருப்பது நீங்கள் மேலே எழுதியவற்றுக்கு மட்டும்தான். கீழே எழுதியதற்கு ஏணி கிடையாது. ஆகவே ஆசை எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில் எழுதச் சொல்லுங்கள்.

எல்லா வீடுகளிலும் முதல் பத்து இடங்களைத்தான் குடும்பமே உட்கார்ந்து விவாதிக்கிறது. சித்தப்பா வருகிறார், ஒன்றாம் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் பட்டிமன்றம் நடக்கிறது. 142க்கு இடம் கிடைக்கப்போவது முப்பதாம் எண்ணிலோ நாற்பதாம் எண்ணிலோ. அந்த முப்பதும் நாற்பதும் எழுதப்படுவது கடைசி நாள் சாயங்காலம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில். கடைக்காரர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் "இன்னும் என்ன போடட்டும்?" என்கிறார். அப்பா பேசாமல் நிற்கிறார். பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். "கடலூர் மாவட்டத்தில் இருக்கிற எல்லாவற்றையும் போட்டுவிடவா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரரே விறுவிறுவென்று சேர்க்கிறார். நான்கு வருடம் எங்கே படிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான். ஒரு பக்கத்துக்குப் பத்து ரூபாய் பிரிண்ட் அவுட்டுக்கு வாங்கிக்கொள்கிறார், பாவம், இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அந்த அடிப்பகுதியை முதலில் எழுதுங்கள். போன வருடம் கடைசியாக என்ன கட்-ஆஃபில் இடம் கொடுத்தார்கள் என்று பார்ப்பதைவிட, உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தத் தரவரிசை வரைக்கும் கொடுத்தார்கள் என்று பாருங்கள். கணிதத் தாள் சுலபமாக இருந்த வருடத்தில் கட்-ஆஃப் எல்லோருக்கும் உப்பிவிடும், தரவரிசை உப்பாது. விருத்தாசலத்திலிருந்து பார்த்தால் பண்ருட்டி, அரியலூர், விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களில் அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. தூரம் போகலாம் என்றால் பர்கூர், போடிநாயக்கனூர், ஸ்ரீரங்கம், தஞ்சாவூர்ப் பக்கம் செங்கிப்பட்டி ஆகிய இடங்களில் அரசுக் கல்லூரிகள். இவற்றையெல்லாம் எழுதிவிட்டுத் தனியாருக்குப் போங்கள்.

தனியார் என்றால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டதே, நினைவிருக்கிறதா? ஒரே ஆசிரியர் ஒரே கல்வியாண்டில் பத்துக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேரமாகப் பணிபுரிவதாகக் காகிதத்தில் இருந்தது. இப்படிப்பட்டவரிடம் படித்தால் எல்லாப் பாடமும் சுமாராகத்தான் வரும். எனவே முதல்வர் அறையில் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்து, பஸ்ஸுக்கு நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பையனிடம் விசாரியுங்கள். இந்த வருடம் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்று மட்டும் கேளுங்கள், மற்றதை அவனே சொல்லுவான். தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத் தேர்வுக்குப் பருவத் தேர்வு அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு வைத்துத் தாங்களே திருத்திக்கொள்வதால் அவர்களுக்கு அந்தக் கண்ணாடி இல்லை. பஸ் கட்டணம் எவ்வளவு என்று கேட்க மறக்காதீர்கள். கல்விக் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயித்துவிட்டதால் சிலர் பஸ்ஸில்தான் பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள்.

நிர்வாக ஒதுக்கீட்டில் இப்போதே இடம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வீடு தேடி வருவார். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும் என்பதை அவர் சொல்லமாட்டார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பாடப்பிரிவைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பையன் கம்ப்யூட்டர்தான் கேட்கிறான் என்று அர்த்தம். அதிலேயே செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு, பொருள்களின் இணையம் என்று ஒரே வராந்தாவில் நாலு பெயர்ப்பலகை தொங்குகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் பல இடங்களில் அதே ஆய்வகம், அதே நாற்காலி. ஆனால் கிண்டி வளாகத்தில் அச்சு மற்றும் பேக்கேஜிங் தொழில்நுட்பம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதை முதல் விருப்பமாக எழுதி வரும் பிள்ளையைப் பார்க்க எனக்கு ஆசை. 142க்கு அது எட்டாது, தெரியும். பத்திரிகைக்காரன் ஆதங்கம், விடுங்கள்.

உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் வேறொன்று இருக்கிறது. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு நிறுவனமே இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். உங்கள் மகன் பிறந்ததிலிருந்து அந்த ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையைத் தாண்டித்தான் போய்வந்திருப்பான், ஒருநாளாவது உள்ளே போய் ஒரு சூளையைப் பார்த்திருக்கிறானா? பட்டியலில் போடச் சொல்லவில்லை. விருப்பம் பதிவு செய்ய மூன்று நாள் கொடுப்பார்கள், அதற்குள் ஒரு காலை வேளையில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். அண்ணனையும் அழைத்துப் போனால் அந்த நேரத்துக்காவது யோசனை சொல்லாமல் இருப்பார்.