திருகோணமலையில் சனி, ஞாயிறை எப்படிக் கழிப்பது?

தம்பி, மதுரையிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்கு வந்த இடத்தில் வேலைநாள் எப்படியோ போகிறது, சனி ஞாயிறுதான் அறைக்குள் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் எந்நேரமும் அம்மாவோடு வீடியோவில் இருக்கத் தோன்றும். அதை இரவில் ஒரு தரத்தோடு நிறுத்திப் பாருங்கள். மத்தியானச் சோற்றுப் பார்சலை மேசையில் தனியாகப் பிரிக்காமல் மற்றவர்களோடு இருந்து சாப்பிடுங்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்க வேண்டாம், இங்கே அது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை.

வெள்ளி பின்னேரம் கோணேசர் கோயிலுக்கு நடந்தே போங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் வழியிலேயே நிற்கும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. வெயில் ஏறுமுன் போய் வாளியால் அள்ளிக் குளிக்கலாம். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு உண்டு. கூலியைப் பிரிக்க அலுவலகத்தில் ஆள் சேருங்கள், சிநேகிதமும் அப்படித்தான் பிடிபடும். ஆனால் மார்கழிக் கடலில் வேண்டாம், மே முதல் செப்டெம்பர் வரைதான் அது சாதுவாக இருக்கும்.

பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறலாம். கொழும்பு இரவு ரயிலை மட்டும் ஞாயிறு திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள், திங்கள் முழுக்கத் தூங்கி வழிவீர்கள்.