சக ஊழியரிடம் என் சம்பளத்தைச் சொல்லலாமா?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 4 வருடமாக டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். ஆண்டுக்கு 6.2 லட்சம் சி.டி.சி. (நிறுவனம் எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு). போன மாதம் அதே டீமில், அதே வேலைக்குச் சேர்ந்த ஒருவர் தனக்கு 8 லட்சம் என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. என் சம்பளத்தையும் கேட்கிறார். சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், சகோதரி. ஆணிடம் சம்பளத்தையும் பெண்ணிடம் வயதையும் கேட்கக் கூடாது என்று சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். அந்தக் கூச்சத்தால் லாபம் நிறுவனத்துக்குத்தான். அரசு அலுவலகத்தில் யார் எந்த ஊதிய நிலை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அங்கே யாரும் கெட்டுப்போய்விடவில்லை.

ஆனால் முதலில் உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். சம்பள விவரம் ரகசியம் என்று அதில் ஒரு வரி இருந்து, நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் எழுத்தில் எதையும் பகிராதீர்கள். அப்படி ஒரு வாக்கியம் இல்லாவிட்டாலும் பே ஸ்லிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். பான், யு.ஏ.என். என்ற பி.எஃப். எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கும்.

அப்புறம், 8 லட்சம் என்றதும் மாதம் 15,000 ரூபாய் வித்தியாசம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அவரிடம் சி.டி.சி.யைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, அதில் வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் வேரியபிள் பே 80,000, ஒருமுறை மட்டும் வரும் ஜாயினிங் போனஸ் 50,000, நிறுவனம் கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டிக்கு 19,000 என்று வையுங்கள். மிச்சம் மாதத்துக்குச் சுமார் 52,500. உங்களுக்கு வேரியபிள் இல்லையென்றால், பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் போகச் சுமார் 48,600 வரும். 15,000 என்று நினைத்தது சுமார் 4,000-த்தில் வந்து நிற்கும். இந்தக் கணக்கைப் போடாமல் மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தால் இரண்டே நிமிடத்தில் உங்களை மடக்கிவிடுவார்.

பிரித்துப் பார்த்தும் பெரிய இடைவெளி இருந்தால், அது உங்களுக்கு நடக்கும் அநியாயம்தான். புதிதாக வருபவருக்கு இன்றைய சந்தை விலை. இருப்பவருக்கு வருடாவருடம் சில சதவீத உயர்வு. விசுவாசமாக இருப்பவர்களே இதில் அடிபடுவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரே மாதிரி வேலைக்கு, பெண் என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்தது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜரிடம் பேசும்போது நண்பரின் பெயரையோ அவருடைய தொகையையோ இழுக்காதீர்கள். பாவம், அவர் உங்களை நம்பிச் சொன்னவர். "இந்த வேலைக்கு, இந்த அனுபவத்துக்கு வெளியே இவ்வளவு தருகிறார்கள், நான் இந்த வருடம் இதையெல்லாம் முடித்திருக்கிறேன்" என்று கேளுங்கள். உங்களுக்கு ஏப்ரலில் அப்ரைசல் என்றால் பிப்ரவரியிலேயே கேட்டுவிடுங்கள். சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வந்த பிறகு போனால், பட்ஜெட் முடிந்தது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.